ஓவியன் வேறு, பெயிண்டர் வேறு

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவதில்லை என்று நவம்பர் மாதமே தீர்மானித்துவிட்டேன். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்கை. நான் ஓவியன். ஓவியனைப் பிடித்துச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்வது, சங்கீத வித்வானை ஐஸ் வண்டியில் மணி அடிக்கச் சொல்வது மாதிரி.

பகலில் நான் துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் சவரிநாதன். சாயங்காலம் ராயபுரம் வீட்டுக்கு வந்து, டேப்லெட்டை மடியில் வைத்து, அதற்கான பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் கலைஞன். பெரும்பாலும் கிரேன்தான் வரைவேன். நாளெல்லாம் அதைத்தானே பார்க்கிறேன்! என் தலைசிறந்த படைப்பு 'நிலாவும் கிரேனும்'. அதைப் பார்த்துவிட்டு என் மனைவி ஜானட் கேட்ட ஒரே கேள்வி: "கரண்டு கம்பத்தாண்ட இன்னாயா தோசை?"

எங்கள் சுவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடல் காற்றில் உப்புப் பூத்து, பொரிந்து, அப்பளம் அப்பளமாக எழும்பி நிற்கும். சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்தால் சுவரில் பாதி சட்டையோடு போகும். போன கிறிஸ்துமஸுக்கு வந்த என் மச்சான் பென்னி, புது நீலச் சட்டை முதுகில் ஆஸ்திரேலியா கண்டத்தை ஒட்டிக்கொண்டு பூசைக்குப் போனான். கோவிலே சிரித்தது. ஜானட் மட்டும் சிரிக்கவில்லை. தன் அண்ணன் முன்னால் அவமானப்பட்டதை ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்தாள்.

"யோவ், பென்னி அண்ணன் குடும்பத்தோட வருது. செவுத்துக்கு எப்போ பெயிண்ட் அடிக்கப் போற?"

"நான் ஓவியன்மே."

"நானும் அத்தத்தானே சொல்றேன். பிரஷ்ஷ எடு."

"ஓவியன் வேற, பெயிண்டர் வேற."

"ஆமா. பெயிண்டருக்குக் கூலி குடுப்பாங்கோ."

"எனக்கும் குடுப்பாங்க. என் படத்த ஆன்லைன்ல விக்கப் போறேன். நான் படத்த ஏத்துனா போதும். யாரு கேட்டாலும் கம்பெனிக்காரனே பிரிண்ட் போட்டு, பேக் பண்ணி, அவங்க வூட்டுக்கே அனுப்பிடுவான்."

"அப்போ நீ இன்னா பண்ணுவ?"

"நான் சும்மா குந்திகினு இருந்தா போதும்."

"அத்த இப்பவே பண்ணிகினுதானே கீற?"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஒருவராவது என் படத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அவள் உயிருள்ளவரை 'பெயிண்ட் அடி' என்று கேட்க மாட்டாள். யாரும் வாங்கவில்லை என்றால் வீடு முழுக்க நான் அடிக்க வேண்டும்.

"அப்டியே அந்தத் தண்ணி டிரம்முக்கு ஒரு மூடி வாங்கிப் போடணும்" என்றாள்.

பின்கட்டில் இருக்கும் நீல டிரம்மின் மூடி எப்போதோ உடைந்துவிட்டது. பழைய தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்திருக்கிறாள். கொசு அதையும் தாண்டி உள்ளே போய்க் குடும்பம் நடத்துகிறது. மூடி எல்லாம் ஒரு விஷயமா? ஒப்புக்கொண்டேன்.

செல்போன் கடை வைத்திருக்கும் என் தோஸ்து தவ்ஃபீக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். படங்களை ஏற்றினேன். உலகத்தின் வாசலில் கடை விரித்தாகிவிட்டது. பார்த்தவர்களின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. துள்ளிக் குதித்துக்கொண்டு தவ்ஃபீக்கிடம் காட்டினேன்.

"மாமு, அது அல்லாம் நீயே தொறந்து தொறந்து பாத்தது" என்றான்.

நவம்பர் போனது. டிசம்பர் பிறந்தது. ஜானட் பெயிண்ட் கடையின் கலர் அட்டையை எடுத்துவந்து, நான் சாப்பிடும்போதெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிஸ்தா பச்சை மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது.

"அன்பார்ந்த ஓவியரே, உமது 'நிலாவும் கிரேனும்' கண்டு உள்ளம் பூரித்தேன். இதனை வாங்க விழைகிறேன். ஆயினும், மெய்யான சுவரில் மாட்டினால் எவ்வாறு தோன்றும் என அறிய ஆவல். புகைப்படம் அனுப்புவீராக. இங்ஙனம், பிலோமினா, மெல்பர்ன்."

அனுப்புவீராக! என்ன பண்பு, என்ன தமிழ்! எங்கேயோ கேட்ட மாதிரி இதமாக இருந்தது. எங்கே என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. தவ்ஃபீக் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, ஹாலில் ஒட்டி, போட்டோ அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"அருமை. ஆனால் நிலவைச் சுற்றிலும் உலக வரைபடம் போல் ஏதோ தெரிகின்றதே. அதுவும் உமது ஓவியமா?"

வெட்கத்தில் கூசிப்போனேன். அன்றைக்கே உப்புத்தாள் வாங்கிவந்து அந்த ஒரு சுவரைத் தேய்த்தேன். பட்டி பார்த்தேன். என்ன நிறம் உசிதம் என்று அம்மையாரிடமே கேட்டேன். "பிஸ்தா பச்சை நிலவொளிக்கு உகந்தது" என்றார். பெரிய ரசிகர்களின் ரசனை எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும் போல.

ஜானட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாயா இது? நான் கேட்டப்போ மட்டும் கொள்கைன்ன?"

"இது உனுக்காக இல்லமே. கலைக்காக."

"அந்தக் கலை இந்தத் தூசியப் பெருக்குமா?"

"கொஞ்சம் பொறுத்துக்க. ஒரு செவுருதான்."

"வேணாம்யா, கையி வலிக்கும். வுட்டுரு."

அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு வேகம் கூடியது. ஒரு சுவர் முடிந்தது. புதுப் போட்டோ போனது.

"நேர்த்தி! ஆயினும் எதிர்ச் சுவரின் அழுக்கு படத்தில் பிரதிபலிக்கின்றது" என்றார் பிலோமினா. எதிர்ச் சுவரை அடித்தேன். "படுக்கையறையில் எவ்வாறு இருக்கும்?" படுக்கையறையை அடித்தேன். "படுத்தபடி ஓவியம் காண்பது என் வழக்கம். கண்ணை உயர்த்தினால் கருத்த கூரை தெரியலாகாது." கட்டில் மேல் ஸ்டூல் போட்டு, ஸ்டூல் மேல் நான் ஏறி, கூரையையும் அடித்தேன். பெயிண்ட் சொட்டி என் மீசை பிஸ்தா ஐஸ்கிரீம் ஆனது. "பரணில் உள்ள மூட்டைகள் பார்வையை உறுத்துகின்றன" என்றபோது பரணையும் ஒழித்தேன். நான் அனுப்பிய போட்டோவில் பரண் எங்கே தெரிந்தது என்று ஒரு கணம் யோசித்தேன். வெளிநாட்டு போனில் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

இப்படி ஒரு ரசிகை கிடைத்தால் மனசு திறந்து பேசத் தோன்றாதா? பேசினேன். "அம்மையீர், என் மனைவிக்கு ரசனை என்பதே கிடையாது. நிலாவைப் பார்த்துத் தோசை என்றவள்" என்று எழுதினேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் குழம்பில் உப்பு இல்லை. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "பாவம், அவர் வேலைப் பளுவால் அவ்வாறு கூறியிருக்கலாம். வேறொன்று. மீன் செதிலின் ஒளியை நுணுகிக் கண்டவரே நிலவொளி தீட்ட வல்லார் என்பது என் துணிபு. நீர் மீன் ஆய்ந்ததுண்டா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வந்த வஞ்சிரத்தை நான்தான் ஆய்ந்தேன். ஜானட் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தபடி, "அந்தச் செவுளப் பிச்சுப் போடு. அதுல கூட ஒளி கீதா பாரு" என்றாள். கிண்டல். ரசனை இல்லாதவள் வேறு எப்படிப் பேசுவாள்?

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு கடைசிக் கேள்விகள் வந்தன. வட்ட வடிவில் கிடைக்குமா? குறுக்களவு இரண்டடி இருக்குமா? தண்ணீர் பட்டால் கெட்டுப்போகுமா? மெல்பர்னில் மழை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்காரன் கேட்ட அளவில் வட்டமாகவே அலுமினியத் தகட்டில் அச்சடித்துத் தருவான், தண்ணீருக்குள்ளேயே போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமையாக எழுதினேன்.

மறுநாள் காலை டேப்லெட்டில் மணி அடித்தது. விற்றுவிட்டது!

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஜானட் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். படித்துப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"நீ கெலிச்சிட்டயா. சொன்ன சொல்லு சொன்னதுதான். இனிமே பெயிண்ட் அடின்னு ஒன்னாண்ட கேக்கவே மாட்டேன்."

என் வாழ்நாளில் அவளிடம் நான் பெற்ற முதல் வெற்றி. பிஸ்தா பச்சையில் பளபளக்கும் ஹாலின் நடுவில் நின்று அதை ரசித்தேன்.

கிறிஸ்துமஸும் வந்தது. பென்னி வந்தான். பழைய பயத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவனை ஜானட், "சாஞ்சி குந்துண்ணா" என்று சுவரோடு தள்ளினாள். எழுந்தபோது முதுகைத் திருப்பிப் பார்த்தாள். சட்டை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவள் முகத்தில் அப்போது வந்த பூரிப்பைப் பார்க்க, சொன்னால் என்ன, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் கூரியர்காரர் வட்டமாக ஒரு பார்சலைக் கொண்டுவந்து நீட்டினார். பெறுநர்: ஜானட் சவரிநாதன். பிரித்தேன். உள்ளே என் நிலா, என் கிரேன்.

"இன்னா ஜானட்? மெல்பர்ன் போவாம இங்க வந்துகீது?"

ஜானட் தொண்டையைச் செருமினாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பது அவள்தான். அங்கே மேடை ஏறினால் செந்தமிழ், இறங்கினால் காசிமேடு. அந்த மேடைக் குரலில் ஆரம்பித்தாள்:

"அன்பார்ந்த ஓவியரே..."

எனக்குத் தலை சுற்றியது. புதுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடு. அழுக்காவும்" என்றாள்.

"நீயா? அந்த ஐடி? அந்த மெல்பர்ன்?"

"ஐடி தவ்ஃபீக் போட்டுக் குடுத்தான். ஊரு மட்டும் நான் வெச்சேன். பென்னி அண்ணன் முதுகுல இருந்த ஊரு."

"அப்ப மீனு?"

"ரசனை இல்லாதவ குடுத்த தண்டனை."

சரி, மானம்தான் போய்விட்டது, கலையாவது மிஞ்சட்டும் என்று சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். யார் வாங்கினால் என்ன? என் முதல் விற்பனை என் சுவரில் தொங்கட்டும். ஆணியை வைத்து ஓங்கினேன்.

"யோவ்!" வீடு அதிர்ந்தது. "புதுச் செவுத்துல ஆணியா? கைய ஒடைப்பேன்!"

"பின்ன படத்த எங்கமே மாட்றது? இதுக்காகத்தானே அம்மாஞ் செவுரும் அடிச்சேன்?"

"அதுக்கு எடம் கீது. குடு இங்க."

என் கையிலிருந்து நிலாவை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கல்லையும் தாம்பாளத்தையும் எடுக்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் டேப்லெட்டில் மறுபடி மணி அடித்தது. மெல்பர்ன் பிலோமினா ஐந்து நட்சத்திரம் போட்டு, என் கலைக்கு முதல் விமர்சனம் எழுதியிருந்தார்:

"அன்பார்ந்த ஓவியரே, அளவு கச்சிதம். இப்போது கொசு வருவதில்லை."