ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூ

பூ கட்டிட்டு இருக்கேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்கு இன்னிக்கு இருபது முழம் மல்லி குடுக்கணும். பன்னெண்டு முழம் ஆச்சு. விரல் வலிக்குது, அதான் நடுவுல போனை எடுத்தேன். பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க, நான் ஆறாம் ஆண்டோட நின்னவ.

போன சனிக்கிழமையும் இதே வேலைதான். வீட்டுல உக்காந்து பூ கட்டறவளுக்கு பந்தால என்ன வம்பு வரும்?

வந்துச்சு!

எங்க வீட்டுக்காரரு செந்தூல்ல எங்க பிளாட்டு டீமுல விளையாடறாரு. பெனால்டி கிடைச்சா தான்தான் அடிக்கணும்னு ஆசை. போன மாசம் அடிச்சாரு. பந்து கோலுக்கு மேல பறந்து, ரோட்டுல போன ஒரு லோரியில விழுந்து, லோரியோட கிள்ளான் பக்கம் போயிடுச்சு.

அதுக்கப்புறம் ஒரு வாரம் மனுஷன் வாய் திறக்கல. ரசத்துல உப்பு போட மறந்தேன், அதுக்குக்கூட சண்டை இல்ல! பாப்பா 'அப்பா பேச மாட்டாரா'ன்னு அழுதா. இன்னொரு வாரம் அப்படி ஓட்ட என்னால முடியாது.

அதே டீமுல நல்லா அடிக்கிறது ஆண்டனி அண்ணே. ஆனா இறுதி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்துல ரெண்டு பேரும் ஒரே பெனால்டிக்கு ஓடினாங்க. இவரு அவரு காலை உதைச்சாரு, அவரு இவரு காலை உதைச்சாரு. பந்து அங்கேயே இருந்துச்சு.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் இறுதி ஆட்டம். அதனால கேப்டன் செல்வம் அண்ணே ரெண்டு பேரையும் இழுத்துட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டாரு.

"தங்கச்சி, பூ கட்டிப் பாத்துடலாம். சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. சிவப்பு வந்தவன் அடிக்கட்டும். அம்மன் சொல்லட்டும் லா!"

"அண்ணே, நான் சர்ச்சுக்குப் போறவன். உங்க அம்மன் எனக்கு சப்போர்ட் பண்ணுவாங்களா?"ன்னாரு ஆண்டனி அண்ணே.

"நீ அடிக்கிறதை அவளும் பாத்திருக்கா டா. பேசாம உக்காரு."

சாமி படத்துக்கு முன்னால பொட்டலம் மடிச்சது நான். அப்பதான் புத்தி கெட்டுச்சு. ரெண்டுலயும் வெள்ளைப் பூ வச்சேன்! சிவப்பு ரோஜாவை முட்டிக்கு அடியில தள்ளிட்டேன்.

கணக்கு சுலபம். இவரு பொட்டலத்தை முதல்ல பிரிப்போம். வெள்ளை. அப்ப மிச்சம் ஆண்டனி அண்ணேக்குத்தான். அதை எவன் பிரிக்கப் போறான்?

பாப்பா அப்பாவுக்குன்னு ஒண்ணு எடுத்தா. பிரிச்சோம். வெள்ளை. இவரு முகம் தொங்கிப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

ஆண்டனி அண்ணே மிச்சப் பொட்டலத்தை எடுத்தாரு. "அம்மன் குடுத்த பூ. வீட்டுல என் பொண்டாட்டியைத் தலையில வைக்கச் சொல்றேன்"னு பிரிச்சாரு.

வெள்ளை.

"சிவப்பு எங்க தங்கச்சி?"

நான் முட்டியை இன்னும் அழுத்திக்கிட்டேன். என் பொண்ணு வாயைத் திறந்தா. "அம்மா கால் கீழ பூ!"

நசுங்கின ரோஜாவை செல்வம் அண்ணே கையில எடுத்தாரு. போச்சு மானம்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு!

"பொட்டலத்துல இருந்த பூ, தானா தங்கச்சிகிட்ட போயிருக்கு பாரு! அம்மன் உத்தரவு. நாளைக்கு பெனால்டி கிடைச்சா தங்கச்சி கூப்பிடற ஆளுதான் அடிக்கணும்."

பஸ்ல மணி அடிக்க வெக்கப்பட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வர்றவ நான். பந்து விளையாடற பாடாங் நடுவுல கத்தணுமாம்!

ராத்திரி பூரா 'பெனால்டி வரக்கூடாது'ன்னு வேண்டிக்கிட்டேன். அம்மனை ஏமாத்தினவ வேண்டினா கேப்பாளா? மறுநாள் ஆட்டத்துல கடைசி நிமிஷத்துல பெனால்டி வந்துச்சு.

பாடாங்கே என்னைப் பாக்குது. "சொல்லு தங்கச்சி!"ன்னு செல்வம் அண்ணே கத்தறாரு. இவரு பசிச்ச பூனை மாதிரி பாக்கறாரு.

முதல்ல இவரைச் சமாதானப்படுத்திட்டு, அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம்னு நினைச்சேன். 'என்னங்க, ஆண்டனி அண்ணே அடிக்கட்டும்ங்க.' மனசுல நாலு தடவை சொல்லிப் பாத்தேன். மூச்சைப் பிடிச்சுக் கத்தினேன்.

"என்னங்க...!"

அவ்வளவுதான், மிச்சம் வெக்கத்துல உள்ளேயே நின்னுடுச்சு.

புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாதவ 'என்னங்க'ன்னா யாரைக் கூப்பிடறான்னு செந்தூலுக்கே தெரியும். ஒரே கைதட்டல்! நான் கையை ஆட்டி வேணாம் வேணாம்னேன். "பாரு, டாட்டா காட்டுது!"ன்னு பக்கத்துல ஒரு ஆன்டி.

இவரு ஓடி வந்து அடிச்சாரு. பந்து கம்பத்துல பட்டு, திரும்பி வந்து, கோல் கீப்பர் முதுகுல பட்டு, உள்ள உருண்டுச்சு.

கோல்!

ஆண்டனி அண்ணே, "பரவால்ல தங்கச்சி, புருஷனைத்தானே கூப்பிடுவ"ன்னாரு. எனக்குப் பாவமாப் போச்சு. அவரு வீட்டுக்கு ரெண்டு முழம் மல்லி குடுத்தனுப்பினேன்.

இவரு இப்ப வாய் மூடறதே இல்ல. "ஊரே சந்தேகப்பட்டுச்சு, என் பொண்டாட்டி ஒருத்திதான் நம்பினா!"ன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. பந்து வீடியோ தவிர போன்ல எதையும் பாக்க மாட்டாரு, அந்தத் தைரியத்துலதான் இதை எழுதறேன்.

"ஏம்மா! இங்க வா, பக்கத்து வீட்டு அங்கிள் வந்திருக்காரு. என்னை ஏன் கூப்பிட்டேன்னு உன் வாயாலயே சொல்லு!"

வரேங்க!

நான் கத்துக்கிட்டது இதுதான்: நல்ல பொண்டாட்டின்னு பேர் எடுக்கணும்னா, சொல்ல வந்ததை முழுசா...