எமன் திசைக் கதவு

டில்லி கரோல் பாக் மெட்ரோவில் இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கூட்டம் போகும் பக்கமே போனால் அனல்முனி ஆசிரமம் வந்துவிடும். ஆசிரமம் என்றதும் காடு, குடில் என்று நினைத்துவிடாதீர்கள். சூட்கேஸ் கடைக்கு மேலே ஓர் ஏ.சி. அறை, வாசலில் செருப்புக் குவியல். சென்ற மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு துணிக் கிடங்கு எரிந்தது. அன்று பிடித்தது முனிவருக்கு யோகம். அவர் தரும் செப்புத் தகடு தொங்கும் இடத்தை நெருப்பு எட்டிக்கூடப் பார்க்காதாம்!

அத்தாட்சியும் உண்டு. தகட்டில் சிவப்பு நூலை இறுக்கமாகச் சுற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். நூல் கருகாது. பட்டம் வாங்கியவர்களும் பதவியில் இருப்பவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். படித்ததெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே!

மாணிக்கவாசகமும் போட்டுக்கொண்டார். அதே தெருவில் நாலாவது மாடியில் அலுவலகம் நடத்துபவர். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் நஷ்டஈட்டு விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது தொழில். கடை எரிந்தது, கிடங்கு எரிந்தது என்று தினமும் அவர் கண்ணெதிரே தாள்கள் வந்து விழுந்தன. அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அந்தக் கம்பெனிக்குத்தான். உங்கள் இடத்தில் தீப்பிடித்தால் ஆட்கள் எப்படி வெளியேறுவார்கள், மறுநாள் வேலை எப்படி நடக்கும், திட்டம் கொடுங்கள் என்று கேட்டது. நிர்வாகம் பார்க்கும் மேதா, டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், உட்கார்ந்து திட்டம் போட்டாள். பின்படிக்கட்டுக் கதவைப் பூட்டாமல் வைப்பது, தகவல்களின் நகலை ஊரின் மறுகோடியில் முனிர்காவில் ஓர் அறையில் வைப்பது, மணி அடித்து எல்லோரையும் வெளியேறப் பழக்குவது. செலவு அதிகம் என்றார் முதலாளி. அதைவிட அதிகம் கொடுத்துத் தகடு வாங்கினார்.

முனிவர் அலுவலகத்துக்கு எழுந்தருளி ஞானதிருஷ்டியால் பார்த்தார். பின்கதவு தெற்கே பார்த்திருந்தது. எமன் வரும் திசையாம்! அதைப் பூட்டி, முன்னால் இரும்பு பீரோவை நிறுத்தச் சொன்னார். கணினிக்கு நகல் எதற்கு, நூல் கட்டினால் போதும் என்றார். கணினி எரிந்தால் நூலே உட்கார்ந்து டைப் அடிக்கும் போலும்.

அந்தப் பீரோவுக்குப் பக்கத்து நாற்காலியில் முத்துமாரி. ஏழு மாதக் கர்ப்பிணி. தீ என்றால் அத்தனை மேசைகளையும் தாண்டி முன்வாசலுக்கு வந்தாக வேண்டும். "அக்கா, இந்த வயித்தோட என்னால ஓட முடியுமா?" என்று மேதாவிடம் கேட்டாள். மேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தகடு மாட்டும் நாள். சாம்பிராணிப் புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. முனிவர் தகட்டைப் பீரோவுக்கு மேலே மாட்டி, நூல் வித்தையையும் காட்டி முடித்தார். மேதா எழுந்தாள்.

"சாமி, ஒரு டவுட். நூலைத் தகட்டுல சுத்தாம, பக்கத்துல சும்மா தொங்கவிட்டுக் காட்டுங்க."

முனிவருக்குத் திடீரென்று நேரமில்லாமல் போயிற்று. மேதாவே நூலைத் தகட்டின் கீழே தொங்கவிட்டு நெருப்பைக் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் சாம்பல். பிறகு மேசையில் கிடந்த ஒரு பழைய பூட்டில் நூலை இறுக்கிச் சுற்றிச் சுடரில் பிடித்தாள். கருகவில்லை!

"சூட்டை உலோகம் இழுத்துக்குது, அவ்வளவுதான். இந்தப் பூட்டு கடையில வாங்கினது சாமி. இது எந்த மலையில தவம் பண்ணுச்சு?"

நாத்திகர் இருக்கும் இடத்தில் சக்தி நிற்காது என்றார் முனிவர். தீ வந்தால் யார் நாத்திகர் என்று விசாரித்துவிட்டுத்தான் எரிக்கும் போலிருக்கிறது. மாணிக்கவாசகம் அதற்கும் தலையாட்டினார். "அச்சா, அச்சா. நிஜமான தீ வந்தா சாமி அடக்கிருவாரு, நீ உக்காரும்மா."

மேதா உட்காரவில்லை. முத்துமாரியிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தாள். நேரே போய், சுவரில் இருந்த அபாய மணியை அழுத்தினாள்.

மணி அலறியது. முதலில் பாய்ந்தது யார்? அனலை அடக்கிய முனிவர்! முன்வாசலில் நெரிசல். புகைக்குள் தட்டுத் தடுமாறிப் பின்கதவுக்கு ஓடினார். பீரோ நின்றது. இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை.

"ஜல்தி! யாராச்சும் இந்தப் பீரோவ நகத்துங்கடா!"

மேதா மணியை நிறுத்தினாள். தீயும் இல்லை, ஒன்றும் இல்லை; எல்லாம் முனிவர் போட்ட சாம்பிராணிதான் என்றாள். நாற்காலியை விட்டு அசையாத முத்துமாரி, மூச்சு வாங்கி நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எமன் வர்ற திசைன்னீங்களே சாமி, அங்க எதுக்கு ஓடி வந்தீங்க?"

தகடு முனிவர் தலைக்கு நேர் மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. மாணிக்கவாசகம் வந்து பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை மேதா பிடித்தாள். சாவி போட்டதும் கதவு திறந்தது, எமன் வரவில்லை, காற்றுதான் வந்தது.

விற்றவரே நம்பாத தகட்டை வரிசையில் நின்று வாங்கிய பெருமக்களே, ஆசிரமத்துக்குப் போகும் முன் உங்கள் ஆபீஸ் பின்கதவைத் தள்ளிப் பாருங்கள். தலைக்கு மேலே மாட்டியது போதும். தலைக்குள்ளே இருப்பதையும் ஒருநாளாவது வேலை வாங்குங்கள்.