வெள்ளரித் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரர்

பெருத்துப்போன காய்களைச் சாக்கில் திணித்து, சோளத்தட்டுப் போருக்கு அடியில் ஒளித்தாள் ராமக்காள். கம்பெனிக்காரன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் உங்க தோட்டத்தைப் பாக்க வர்றாரு."

ஊறுகாய் வெள்ளரி. சுண்டுவிரல் பருமனில் இருந்தால் கப்பல் ஏறும். கட்டைவிரல் பருமனாகிவிட்டால் கழிவு. எந்த நாட்டில் யார் தின்கிறார்களோ, அவள் ஒன்றைக்கூடத் தின்றதில்லை. கம்பெனி கைவிட்டால் மாரண்டஹள்ளிச் சந்தையில் இதை ஓசிக்குக்கூட யாரும் தொட மாட்டார்கள். மகள் பிரியங்காவின் நர்சிங் படிப்பு அதோடு முடிந்தது.

"எது கேட்டாலும் செலவு கம்மின்னு காட்டு," என்றான் புருஷன் தீர்த்தன். "இல்லன்னா வேற நாட்டுக்குப் போயிருவாங்க."

ஜீப் வந்தது. சிவந்த முகத்தோடு ஓர் ஆறடி மனிதர் இறங்கினார். டிரைவர் குப்புராஜ்தான் அவருக்கு மொழிபெயர்ப்பு.

"எத்தனை ஆளு வெச்சுப் பறிக்கறீங்கன்னு கேக்கறாரு."

உண்மையில் நான்கு பேர். "நானும் இவரும் மட்டுந்தாங்க," என்றாள்.

வந்தவர் முகம் சுண்டியது.

"லீவு எப்பன்னு கேக்கறாரு."

"லீவா? ஞாயித்துக்கெழமையும் விடியறதுக்கு முந்தியே எறங்கிருவோங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மெஷின் எங்கன்னு கேக்கறாரு."

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். அவர் அந்த விரல்களையே வெறித்துப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மாடு தட்டை இழுக்க, சாக்கு சரிந்தது. தடிக் காய்கள் அவர் காலடிக்கே உருண்டன.

"செத்தோம்," என்று முணுமுணுத்தான் தீர்த்தன்.

"காசு வேணாங்க," ராமக்காள் பதறினாள். "சும்மாவே ஏத்திக்கச் சொல்லுங்க."

குப்புராஜ் சொன்னதும் வந்தவர் வரப்பில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கிலோவுக்கு ரெண்டு ரூபா கொறச்சுக்கறோம்னு சொல்லுங்கண்ணா. எங்களை மட்டும் விட்டுற வேணாம்னு சொல்லுங்க."

சொன்னார். வந்தவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மூணு ரூபா," என்றான் தீர்த்தன்.

"அட நிறுத்துங்க," குப்புராஜ் கடுப்பானார். "இவரு வாங்கறவரு இல்லைங்க; அவரு ஊர்ல இதே காயைப் போட்டவரு, உங்க வெலையோட மல்லுக்கட்ட முடியாம நெலத்தை வித்துட்டு, இத்தன வருசமா யாருக்குப் பயந்தோம்னு பாக்க வந்திருக்காரு."