ஹோல்டில் வைக்கப்பட்ட மாதா கோவில்

ஓசூரில் எதையும் அளக்காமலே நம்புகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். அளந்த பிறகும் நம்பாதவன் வெர்னியர் ஒருவன்தான்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நானும் அவனும் ஒரே கம்பெனி, ஒரே அறை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவனுக்கு வேலை. அங்கே பயன்படுத்தும் வெர்னியர் அளவுகோலைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான். மெஸ்ஸில் இட்லியின் கனத்தை அளந்து, "நேத்து ரெண்டு எம்எம் கூட இருந்துச்சே" என்று விளக்கம் கேட்பான். பெண் பார்க்கப் போன வீட்டில் கதவுநிலை கோணல் என்று சொல்லிவிட்டான். காப்பிகூடக் கிடைக்கவில்லை.

இவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோவிலுக்கு அழைத்துப் போனது என் தப்பு. பூசைக்கு உள்ளே வராமல் வெளியே நின்று முகப்பையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏல, எடப்பக்கத் தூணு நாலு வெரக்கட தாழ்ந்திருக்கு."

அது ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்தப் பக்கம் பூமியில் இறங்குகிறது என்று பயந்துதான், பழைய முகப்பை இடித்துப் புதுக்கோவில் கட்ட ஃபாதர் நாள் குறித்திருந்தார். எனக்கு அழுகையே வந்தது. பிழைக்க வந்த ஊரில் சொந்தம் என்று எனக்கிருந்தது அந்தக் கோவில் ஒன்றுதான்.

வெர்னியர் ஒரு வாரம் ஷிப்ட் முடிந்ததும் ஏணியும் ரசமட்டமுமாக முகப்பில் ஏறி இறங்கினான். பிறகு ஃபாதரிடம் போனான்.

"எறங்கிருந்தா கல்லு வரிசையெல்லாம் சாஞ்சிருக்கணும் ஃபாதர். எல்லாம் மட்டமா இருக்கு. ரெண்டு பக்கமும் வரிச எண்ணிக்கையும் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் தாழ்ந்திருக்கு?"

மணி அடிக்கும் கோவில்பிள்ளை குறுக்கே வந்தார். "எடப்பக்கம் கன்னடக் கொத்தனாருங்க, வலப்பக்கம் தமிழ்க் கொத்தனாருங்க கெட்னதுன்னு எங்க தாத்தா சொல்வாருங்க. அவங்க சாந்து மெலிசா வச்சிக்கிறாங்க, இவங்க தடிப்பா வச்சிக்கிறாங்க. மேல வளைவு சேக்கறப்பதான் ரெண்டு கூட்டமும் மூஞ்சியப் பாத்துக்கிச்சாம்."

ஃபாதர் மசியவில்லை. "திங்கக்கிழமை ஆள் வருது தம்பி."

திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள். வந்து, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். இடப்பக்கத் தூணில் எங்கள் கம்பெனியின் மஞ்சள் அட்டை தொங்கியது. 'ஹோல்ட்.' சந்தேகமான பாகத்தில் இதைக் கட்டிவிட்டால், கட்டியவர் கையெழுத்துப் போட்டு விடுவிக்கும்வரை முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. வந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஓசூரிலோ போச்சம்பள்ளியிலோ கம்பெனிகளில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர்கள்.

"ஹோல்ட் போட்டுக்கிறாங்க சாமி," என்றார் மேஸ்திரி. "தொட்டா கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க."

"இது கோவில்பா. கம்பெனி இல்ல."

"அட்டை அதேதானுங்களே."

ஃபாதர் கோபமாக அட்டையைப் பிடித்து இழுத்தார். கிழிக்கப் போனவர் நின்று படித்தார். 'காரணம்: பழுதில்லை. கட்டியதே இப்படி.' எங்கள் கோவிலில் ஃபாதர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தோம். ஆட்களை அனுப்பிவிட்டு மறைமாவட்டப் பொறியாளரை வரவழைத்தார். அவர் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, வெர்னியர் சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னார். புதுக்கோவில் பின்னால் எழும்பியது. முகப்பு தன் கோணலோடு தப்பித்தது.

அட்டையை வெளியே கொண்டுபோனதற்காகக் கம்பெனி வெர்னியருக்கு மெமோ கொடுத்தது. மெமோவில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்கு வேலை மாறிப் போனான். அப்புறம் செல் நம்பரும் மாறிவிட்டது.

அட்டையை ஃபாதர் லேமினேட் செய்து அதே தூணில் மாட்டிவைத்தார். இன்றும் இருக்கிறது. 'விடுவித்தவர் கையெழுத்து' என்ற இடம் மட்டும் காலி.

டேய் வெர்னியர், உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. பேனா மட்டும் கொண்டு வராதே.