நடக்கக் காரில் வருபவர்

உங்கள் பேட்டையிலும் ஒருவர் இருக்கிறார். விடிகிற நேரத்தில் வெள்ளைவெளேரென்ற ஷூவும், முதுகில் சங்கத்தின் பெயர் அச்சடித்த பனியனும், நடந்த தூரத்தைக் காட்டும் கைக்கடிகாரமுமாக வாசலுக்கு வந்து, கிழக்கே பார்த்து மூச்சை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, காரில் ஏறிக் கிளம்புகிறாரே, அவரேதான். எங்கே போகிறார்? வாக்கிங் போகிறார்.

இந்த இனத்துக்கு நடப்பதைவிட நடைபாதை முக்கியம். காலி இடம் எதைக் கண்டாலும் கை பரபரக்கும். ஏரிக்கரையா, ஒரு பாதை. ஆற்றங்கரையா, ஒரு பாதை. ரயில் போகாத தண்டவாளமா, விடாதே, மனு எழுது.

முடிச்சூர் சத்யநாராயணன் இந்த இனத்தில் முதல் தரம். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நகருக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ கல் ஏற்றிப்போன ரயில் பாதை ஒன்று, தண்டவாளம் பிடுங்கப்பட்டு, சீமைக் கருவேலம் மண்டி, அடையாற்றங்கரை வரை நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி கோகிலவாணிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சமதரையில் தினமும் நடக்கவில்லையென்றால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தெருவிலோ சமதரை என்பதே கிடையாது. கால்வாய்க்குத் தோண்டிய பள்ளம், அதைச் சுற்றிப் போகிற பைக், பைக்கைத் துரத்துகிற நாய்.

"கவலைப்படாதே கோகிலா, உனக்குன்னே ஒரு பாதை போட்டுத் தர்றேன்" என்றார் சத்யநாராயணன்.

சும்மா சொல்லக்கூடாது, போட்டுவிட்டார். சங்கம் ஆரம்பித்து, தலைவராகி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி (லிப்டில்தான்), அனுமதி வாங்கி, பொக்லைன் வரவழைத்துக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினார். கோகிலவாணி சில நாட்கள் கைத்தடியுடன் ஆறு வரைக்கும் போய்க் கொக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். முழங்கால் மடங்க ஆரம்பித்தது. அந்தச் சில நாட்கள்தான் அது பாதையாக இருந்தது. அதற்குப் பிறகு சங்கம் அதை மேம்படுத்தத் தொடங்கியது.

செயலாளர் ஜெயவேலு, அந்த ஊரின் பழைய நிலக்காரக் குடும்பம், முதல் கூட்டத்திலேயே அடிப்படைக் கேள்வியைக் கேட்டார். "அல்லாம் சரி சார். காத்தால ஜனம் வந்துதுன்னா வண்டிய எங்க வுடறது?"

கூட்டம் திகைத்தது. இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்? ஆற்றுப் பக்கத்துப் பாதி பார்க்கிங் ஆயிற்று.

"எல்லாரும் பக்கத்துத் தெருதானே, நடந்தே வரலாமே" என்றாள் கோகிலவாணி, வீட்டில்.

சத்யநாராயணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நடந்தே வந்தா டயர்டாயிடுவாங்கம்மா. அப்புறம் எப்படி வாக்கிங் போவாங்க?"

பிறகு திறப்பு விழாவுக்கு மேடை வேண்டியிருந்தது. "அந்த வேப்பமரத்தாண்ட எடம் கீது சார், காங்கிரீட்லயே போட்டுக்கலாம், வருசா வருசம் ஆண்டு விழா வருதில்ல" என்றார் ஜெயவேலு. மேடைக்கு எதிரே நாற்காலி போட இடம் வேண்டாமா? விட்டார்கள். நடந்து களைத்தவர்களுக்கு அருகம்புல் சாறு வேண்டாமா? கடை வந்தது. சாறு குடித்தவர்களுக்குப் போண்டா வேண்டாமா? அடுப்பும் வந்தது. நிர்வாகிகள் பெயர் பொறித்த கல்வெட்டு, அதைச் சுற்றிப் புல்தரை, 'புல்லில் நடக்காதீர்' என்று ஒரு பலகை. ஒவ்வொன்று வரும்போதும் கோகிலவாணியின் பாதை கொஞ்சம் குட்டையாயிற்று. அவள் கடைசியாக ஆற்றைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. கால் மறுபடி விறைக்கிறது என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். "திறப்பு விழா முடியட்டும், நல்லா நடக்கலாம்" என்றார் கணவர்.

திறப்பு விழா ஜேஜே என்று நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, நடப்பதன் நன்மை பற்றி உட்கார்ந்து கேட்ட நீண்ட உரைகள். "இப்பொழுது அனைவரும் நடப்போம்!" என்று தலைவர் மைக்கில் முழங்க, கூட்டம் மொத்தமும் எழுந்து மேடையை ஒரு சுற்றுச் சுற்றிப் போண்டாக் கடையில் போய் நின்றது. வேறு எங்கே போவது? மற்ற இடமெல்லாம் கார்.

சத்யநாராயணன் மனைவியோடு வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்ப முடியவில்லை. அவர் காருக்கு முன்னால் கார், பின்னால் கார், பக்கவாட்டில் ஜெயவேலுவின் ஜீப்.

"இன்னா சார் பண்றது? அவங்க அல்லாம் சாப்ட்டு வண்டிய எடுத்தாத்தான் வயி" என்றார் ஜெயவேலு, போண்டாவுடன்.

"வாங்க, நடந்தே போயிடலாம்" என்றாள் கோகிலவாணி.

போனார்கள். பள்ளத்தைத் தாண்டி, பைக்குக்கு ஒதுங்கி, நாயை அதட்டி. முதல் திருப்பத்திலேயே தலைவருக்கு இரைத்தது. கைத்தடியோடு நின்று காத்திருந்தாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமானதிலிருந்து இந்த மனிதர் அவளோடு இவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. கால் வலித்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "என்ன தெரு இது கோகிலா! மனுஷன் நடக்க முடியலியே. இங்கேயும் ஒரு பாதை கொண்டு வரணும். நாளைக்கே கமிட்டி போட்டுடறேன்."

"போடுங்க" என்றாள் கோகிலவாணி. "பார்க்கிங் எங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க, அந்தப் பக்கம் நான் போகாம இருக்கேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாளைக் காலை வாக்கிங் கிளம்பும்போது பாக்கெட்டை மட்டும் ஒருதரம் தொட்டுப் பாருங்கள். உள்ளே கார் சாவி கிணுகிணுத்தால், தயவுசெய்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். எங்கள் கோகிலவாணிக்கு இன்னும் ஆறு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.