அயனி ஆடியது, அண்டா காத்தது

குழித்துறை,
டிசம்பர் 12

பேரன்பும் பெருமதிப்பும் உரிய மச்சான் ஆன்ட்ரூஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை பூங்கனியும் மகள் ரெனிஷாவும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். மஸ்கட்டில் உங்கள் முழங்கால்கள் உட்பட எல்லாம் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் தம்பி ஜெனின் கையில் இந்தக் கடிதத்தையும், இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸையும், கொட்டாரத்தில் உங்கள் வீட்டம்மா ஜிஷா கொடுத்த ஒரு பாட்டில் தேனையும் அனுப்புகிறேன். முதலில் கடிதம், பிறகு சிப்ஸ். நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

போன ஈஸ்டர் அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து, எங்கள் வீட்டு ஹாலில் தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் சொன்ன தீர்ப்பு ஞாபகம் இருக்கும். "ஏட்டி ரெனிஷா, புயலு அடிக்கது கடல்ல. கவிழது முட்டத்துக்காரனுக்க வள்ளம். நீ எதுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல பாத்துக்கிட்டு இருக்க? வார கிறிஸ்துமஸுக்குள்ள புயலு மேல போச்சுன்னு காட்டு. இல்லேன்னா மொட்டமாடில இருக்க அந்தப் பெட்டியக் கழத்தி வச்சிட்டு, ஆராய்ச்சியையும் முடிச்சிட்டு, தோகால இருக்க ஸ்மைலினுக்குக் கழுத்த நீட்டு." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அது பாயசம் வேண்டுமா என்று பூங்கனி கேட்டதற்கு ஆட்டியது. பிள்ளை அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதை இப்போதுதான் சொல்கிறேன் மச்சான்.

அவள் ஆராய்ச்சி என்னவென்று உங்களுக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ஒருநாள் அடுக்களையில் வைத்து அவளே விளக்கினாள். "அப்பா, கீழ உரல்ல மாவு இடிச்சா பரண்ல இருக்க பாத்திரம் கிணுகிணுக்கும்லா? அது மாதிரி புயலு கீழ காத்த இடிக்கும். அந்த அதிர்வு அலையா மேல ஏறும். மேல போகப்போக காத்து லேசு, அலை பெருசாகும். கடேசில அயனி மண்டலம் வரைக்கும் போய் ஆட்டும். சாட்டிலைட் சிக்னல் அதுக்குள்ளாலதான் வரணும். சிக்னல் பிந்திச்சின்னா அயனி ஆடுதுன்னு அர்த்தம். நம்ம பெட்டி அதத்தான் அளக்கும்." பரண் என்றதும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அன்றிலிருந்து மேற்படி பெட்டிக்கு நானே காவல்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. பிள்ளை கல்லூரியில் மாட்டிக்கொண்டாள். காலை ஒன்பது மணிக்கு மழை ஊற்றுகிற ஊற்றில் மாடிக்கு ஓடினேன். தென்னமட்டை ஒன்று பறந்து வந்து பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நம் சபையில் பாத்திரக் கமிட்டிக்கு நான்தான் தலைவர் என்பது தெரியுமல்லவா? அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற அண்டா எங்கள் வீட்டில்தான் கிடந்தது. அதை முழங்கால் வலியோடு படியேற்றி, பெட்டிமேல் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்கல்லையும் தூக்கி வைத்தேன். "ஒண்ணு சும்மா இருங்களேன், இடி விழப்போகுது" என்று பூங்கனி கீழே நின்று சத்தம் போட்டாள். இடியாவது ஒண்ணாவது. சாயங்காலம் ஐந்துக்கு மழை விட்ட பிறகே அண்டாவை எடுத்தேன். பெருமை பேசுவது என் வழக்கமில்லை என்பதால் பிள்ளையிடம்கூட இதைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ரெனிஷா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். திரையில் கோடு, அரைமணிக்கு ஒருதரம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, குளத்தில் கல் விழுந்த மாதிரி அலை. "அப்பா, அயனி ஆடியிருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுத கையோடு சாயாக்கடைக்குப் போய் நாலு பேரிடம் "புயல்ல எங்க அயனி ஆடிப்போச்சு" என்றேன். மறுநாள் காலை மரவியாபாரி கபிரியேல் கயிறும் வாளும் இரண்டு ஆட்களுமாக வாசலில் நிற்கிறான். "ஆடின அயனிய நிறுத்தி வைக்கக் கூடாது அண்ணே, வீட்டு மேல சாஞ்சிரும். நல்ல தடி, கதவு போடலாம். எவ்வளவு ஒசரம்?" நான் உள்ளதைச் சொன்னேன், முந்நூறு கிலோமீட்டர் என்று. அவன் பூங்கனியிடம் திரும்பி, "அண்ணனுக்கு சுகமில்லியாக்கா?" என்றான். அயனி மரம் எங்கள் வளவில் கிடையாது, கொட்டாரத்தில் எங்கள் மச்சான் வளவில்தான் உண்டு என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே மச்சான், புயல் மேலே போனது. பேராசிரியர் பார்த்துச் சரி என்று ஒப்பம் போட்டுவிட்டார். ஜனவரியில் டெல்லி மாநாட்டில் உங்கள் மருமகள் மேடையேறிப் பேசப்போகிறாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதிமூன்று நாள் பாக்கி இருக்கிறது. பெட்டி கழற்றப்பட மாட்டாது. தோகாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடவும். இந்த வெற்றியில் என் அண்டாவின் பங்கைச் சபை வருடாந்தர அறிக்கையில் சேர்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நீங்கள் போகும் பாதையெல்லாம் கர்த்தர் முன்னே நடந்து, திரும்பி வரும்போதும் கூடவே வரட்டும். பிரஷர் மாத்திரையை நீங்கள் மறக்கக் கூடாது என்று பூங்கனி சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்புள்ள,
சத்தியநேசன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் ரெனிஷா வாங்கிப் படித்தாள். அண்டா வந்த இடத்தில் நிறுத்தி, "அப்பா, அண்ணைக்கு நம்ம பெட்டி எட்டு மணி நேரம் வெறுமனே கெடந்தது நீங்க செஞ்ச வேலையா? வானத்தப் பாக்க வச்ச பெட்டிய அண்டா போட்டு மூடினா அது என்னத்தப் பாக்கும்?" என்று கேட்டாள். அப்படியானால் அந்த அலை எங்கிருந்து வந்தது என்றேன். இரண்டாவது பெட்டியிலிருந்தாம். அது கொட்டாரத்தில், உங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். உங்களிடம் அனுமதி வாங்கித்தான் வைத்தார்களாம். சித்திரையில் ஜிஷா போனில், "ரெனிஷா அயனிக்கு ஒரு பெட்டி வைக்கணும்னு கேக்குது" என்றபோது, "கொள்ளாம், நல்ல காரியம், வைக்கச் சொல்லு" என்றீர்களாம். அயனி மரத்தில் தேன்பெட்டி என்று நினைத்து, அதன்பிறகு மாதம் தவறாமல் "தேன் எடுத்தாச்சா?" என்று நீங்கள் கேட்கக்கேட்க, பாவம் ஜிஷா என்ன செய்வாள்? ஜெனின் கொண்டுவரும் பாட்டில் மார்த்தாண்டத்தில் வாங்கியது. டெல்லியில் ரெனிஷா வாசிக்கப்போகும் கட்டுரையில், முதல் பக்கத்திலேயே, இடம் கொடுத்து உதவிய மாமா ஆன்ட்ரூஸ் அவர்களுக்கு நன்றி என்று அச்சடித்தாகிவிட்டது.