என் ஜாடி மணக்கும்

வாசகர்களே, மூக்குக் காவலர் என்றொரு இனம் உண்டு. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, விடுமுறையும் கிடையாது. அடுத்த வீட்டு அடுப்பில் சட்டி ஏறினால் போதும், கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார், நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார், கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொள்வார், பிறகு யாருமே இல்லாத நடைபாதையைப் பார்த்து, "யாரு வீட்லங்க இது?" என்று கேட்பார். யார் வீட்டில் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொள்ளவா கேட்கிறார்?

பாங்காக்கில் இந்த இனம் செழித்து வளர்கிறது. வளராமல் என்ன செய்யும்? நாலா பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் குவிந்த ஊர். ஒவ்வொருவரும் பாய் தலையணையோடு சொந்த ஊர் நாற்றத்தையும் மூட்டை கட்டி எடுத்து வந்தவர்கள். தெற்கத்திக்காரர்கள் மீன் குடலை உப்பில் ஊறப்போட்டுக் குழம்பு வைப்பார்கள். சத்தோ என்கிற பச்சைக் கொட்டையைக் கடித்துவிட்டு மறுநாள் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரனைக் கலங்க அடிப்பார்கள். நடுநாட்டுக்காரர்கள் இறால் விழுதை வாழையிலையில் பொதிந்து சுடுவார்கள். சந்தபுரிக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டுரியான் பழத்தை நடுவீட்டில் வைத்துப் பிளப்பார்கள்.

எங்கள் வடகிழக்கில் என்ன நாறும் என்று கேட்கிறீர்களா? எங்களிடம் நாற்றமே கிடையாது. ப்ளா ரா மட்டும்தான் உண்டு. ஆற்று மீனில் உப்பும் வறுத்த அரிசித் தூளும் போட்டு, ஜாடியில் மாதக்கணக்கில் புளிக்க வைப்போம். அவ்வளவுதான். பச்சைப் பப்பாளியை மிளகாயோடு இடித்து, அந்த ஜாடி மீன் சாற்றில் ஒரு கரண்டி விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசுங்கள். அதைப் போய் நாற்றம் என்பவர் நல்ல மருத்துவரிடம் மூக்கைக் காட்டுவது நலம்.

நான், தோங்சுக், இந்த மூக்குக் காவலர் இனத்தில் மூத்த உறுப்பினன். லாட்ப்ராவ் சந்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்டில், டுரியான் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்த தாளை என் கையாலேயே ஒட்டினேன். ஒட்டிய வாரமே என் மாமனார் சந்தபுரியிலிருந்து ஒரு கூடை டுரியான் அனுப்பிவைத்தார். லிப்டில் ஏற்றினேனா? மாட்டேன். படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு ஏறினேன். சட்டத்தை மதிக்கிறவன் நான்.

"லிப்ட்லதான் நாறும், படியில நாறாதா?" என்றாள் என் மனைவி சோம்ஜித்.

"படியில காத்தோட்டம் இருக்கு."

"அப்போ உங்க மீன் ஜாடி?"

"அது சாப்பாடுடி."

ஜாடியைத் திறப்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முதலில் வாணலியில் காய்ந்த மிளகாயை வறுப்பேன். மாடி முழுக்கத் தும்மும், இருமும், கண்ணைக் கசக்கும். இருமுகிறவனுக்கு மோந்து பார்க்க நேரம் ஏது? அந்த இடைவெளியில் ஜாடியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன். எதிர் அறையிலிருந்து சம்ரியாங் அக்கா கத்துவாள்: "தம்பி! மிளகா வறுக்கறியா, இல்ல எங்கள எல்லாம் ஊரவிட்டு வெரட்டறியா?"

சம்ரியாங் அக்கா தெற்கத்திக்காரி. சந்து முனையிலுள்ள பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டியில் குழம்பு விற்கிறாள்; மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். விடியற்காலையில் அவள் குடல் குழம்பு கொதிக்கும்போது நான் முதல் ஆளாக எழுந்து நடைபாதைக்கு வந்துவிடுவேன். கைக்குட்டையோடுதான்.

இந்த வருஷம் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய், அண்ணன் புளிக்கப் போட்ட புது மீனில் ஒரு பெரிய டப்பா நிறையக் கொண்டுவந்தேன். வெயில் கொளுத்துகிற சித்திரை. நான் திரும்பி வந்த சில நாளில் நடைபாதையில் ஒரு நாற்றம் கிளம்பியது. ஆடாமல் அசையாமல் நின்றது. கட்டட மேலாளர் பைதூனுக்கு முதல் போன் செய்தது நான்.

"சார், நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா குடல் கொழம்பு வைக்கறது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அக்கா அறையிலிருந்துதான் என்று தெரிந்தால் மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். மறுநாள் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அன்றைக்கே என் டப்பாவின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகி, சுற்றிலும் டேப் ஒட்டி, சமையல் மேடைக்கு மேலே அலமாரியில் வைத்தேன். சந்தேகத்தினால் அல்ல. சும்மா ஒரு முன்ஜாக்கிரதை.

பைதூன் வந்தார். நான் அவருக்கு முன்னால் மோந்துகொண்டே நடந்து, நேராக அக்கா வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க, நல்லா மோந்து பாருங்க. சட்டியத் தொறக்கறேன், அலமாரியத் தொறக்கறேன். வாயத் தொறக்கச் சொன்னாலும் தொறக்கறேன், ஆனா காலையில சத்தோ தின்னிருக்கேன், அதுக்கு நான் பொறுப்பில்ல."

பைதூன் சிரிக்கவில்லை. சட்டியை முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். அதைப் பார்த்ததும் அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"சார், ஸ்கூல் வாசல்ல கொழம்பு வித்துத்தான் பொண்ணப் படிக்க வைக்கிறேன். இங்கேருந்து போனா அந்த எடமும் போயிடும். வேற எங்க போவேன்?"

எனக்கு நெஞ்சுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "சங்கடமாத்தான் இருக்கு அக்கா. ஆனா மாடியில இருக்கறவங்க ஆரோக்கியம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அப்போதுதான் எங்கள் அறைக்குள் 'படார்' என்றது. தொடர்ந்து சோம்ஜித்தின் அலறல்.

"ஐயோ! ஏங்க! உங்க மீனு சீலிங்குக்குப் போயிடுச்சு!"

ஓடினோம். அலமாரிக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து சாம்பல் நிறச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. சோம்ஜித்தின் தலையில் அரிசித் தூள். புளிக்கிற மீன் மூச்சு விடவேண்டும், அதனால் வாயில் துணிதான் கட்டவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். மானத்துக்குப் பயந்து மூடியைத் திருகியவனுக்கு எது ஞாபகம் இருக்கும்? ஒரு வாரமாக மாடியை நிறைத்த நாற்றம், இப்போது ஒளிவு மறைவில்லாமல் எல்லோர் முகத்திலும் வந்து மோதியது.

'காலி பண்ணுங்க' என்ற வார்த்தைக்காகக் காத்து நின்றேன். பைதூன் கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்தார்.

"எந்த ஊரு மீனு?"

"ரோய்எட், சார்."

"அட, நம்ம பக்கம்! எங்கம்மா ஊரு சாரகாம். இந்த வாசனைய மோந்து எத்தன காலமாச்சு! மூடிய ஏன்யா திருகின? சரி சரி, தொடச்சு விடு."

வாசலில் நின்ற அக்கா மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்போ என் அறையில அடிச்சா நாத்தம், நான் காலி பண்ணணும். தம்பி அறையில அடிச்சா வாசனை, தொடச்சு விட்டாப் போதும். அப்படித்தான சார்?"

பைதூன் தன் காலணியைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. மீன் சிந்தியதற்காக அல்ல.

"சார், அக்கா அறையில ஒண்ணுமில்ல," என்றேன். "இத்தன நாளா நாறினது என்னோடது."

என் ஜாடியைப் பற்றி அந்த வார்த்தையை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. பைதூன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாரும் எங்கயும் போக வேணாம்," என்று முணுமுணுத்துவிட்டு, சுவரோரமாக நழுவிப் போனார். அக்கா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியோடு உள்ளே வந்தாள்.

"நல்லாத்தான் நாறுது தம்பி. டப்பாவுல மிச்சம் இருந்தா ஒரு கிண்ணம் குடு. வீட்ல பப்பாளி இருக்கு."

மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் குடல் குழம்பு அனுப்பினாள். சோற்றில் பிசைந்து விரலை நக்கிச் சாப்பிட்டேன். ஆனால் சாப்பிடும்போது இடது கை தானாகப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டது. நான் திருந்தினாலும் மூக்கு திருந்த நாளாகும் போலிருக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்திருக்கும். அவர் வீட்டுக் கருவாட்டுச் சட்டியும் ஞாபகம் வந்திருக்கும். தாராளமாக இதை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். படித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். யாரை நினைத்து அப்படிச் சிரிக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.